ஞாயிறு ஸ்டாண்ட்பை

"உங்க சாமிக்கு ஞாயிற்றுக்கிழமை வேணும், சரி அண்ணே. என் ஞாயிறை நான் யாருக்குக் கொடுக்கிறது?"

என்னோடு லிஃப்ட் வேலை பார்க்கும் தம்பி இதைக் கோபத்தில் கேட்டதில்லை. மாதாந்திர சர்வீஸுக்காக மோட்டார் ரூமில் இருந்தோம், பிரேக்கைப் பார்த்துக்கொண்டே ஸ்பானரை என் பக்கம் நீட்டியபடி கேட்டான். "மேனேஜர்கிட்ட பேசுறேன் தம்பி" என்றேன். அது அவன் கேட்டதற்குப் பதில் இல்லை என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதோடு பேச்சு முடிந்தது, அடுத்த புளோக்குக்குப் போய்விட்டோம். எனக்குள் மட்டும் அது இன்னும் முடியவில்லை.

லிஃப்ட் வேலையில் இருப்பவர்களுக்கு ஞாயிறு ஸ்டாண்ட்பை பற்றி விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொன்னால், கோளாறு என்று போன் வந்தால் உடனே கிளம்பத் தயாராக இருக்க வேண்டும். பெரும்பாலும் கதவுக் கோளாறுதான். வாசல் பள்ளத்தில் குப்பை அடைத்திருக்கும், இல்லையென்றால் யாரோ தள்ளுவண்டியால் இடித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓட வேண்டும். கூலியும் அதற்கேற்ற மாதிரி. முதலாளி கேட்டு ஓய்வுநாளில் அரைநாளுக்கு மேல் வேலை செய்தால் இரண்டு நாள் சம்பளம், இங்கே சிங்கப்பூரில் சட்டமே அப்படி. அந்த இரண்டு நாள் சம்பளத்துக்காகத்தான் வருடக்கணக்கில் ஞாயிறுகளை நானே கேட்டு வாங்கினேன். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் கடனில் பெரிய பங்கு அந்த ஞாயிறுகளில் அடைந்ததுதான். அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆலயத்துக்குப் போகாமல் இருந்தேன் என்று சொல்ல முடியாது. போனேன். கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில், போனை வைப்ரேஷனில் போட்டுத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாஸ்டர் ஜெபிக்கும்போது ஒரு கண் திரையில் இருக்கும். திருவிருந்துக்கு வரிசையில் நிற்கும்போது போன் அதிர்ந்து, அப்படியே திரும்பி வெளியே வந்திருக்கிறேன். ஸ்டாண்ட்பை இல்லாத வாரங்களில் பிழைத்துக்கொண்டேனா என்றால் அதுவும் இல்லை, போன வாரம் எடுத்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று மனசு கணக்குப் போடும். பங்குச் சந்தை ஆப், நள்ளிரவு ஃபுட்பால், பத்து வாட்ஸ்அப் குழு எல்லாம் இதற்கு மேல். விசுவாசத்தை யாரும் ஒரே நாளில் மறுதலிப்பதில்லை என்று இப்போது நினைக்கிறேன். தன்னோடு ஊழியம் செய்த தேமாவைப் பற்றிப் பவுல் எழுதும்போது அவன் கிறிஸ்துவை மறுத்தான் என்று எழுதவில்லை, இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்துத் தெசலோனிக்கேவுக்குப் போய்விட்டான் என்றுதான் எழுதுகிறார். எனக்கு அந்த வசனம் பயத்தைக் கொடுத்தது. நான் எங்கேயும் போகவில்லை, ஆலயத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், இருந்தும் பாதி தூரம் போயிருந்தேன்.

எபிரெயர் பன்னிரண்டாம் அதிகாரத்தில் பாரமான யாவற்றையும் பாவத்தையும் தள்ளிவிட்டு ஓடச் சொல்கிறது. பாரத்தையும் பாவத்தையும் அங்கே தனித்தனியாகவே சொல்லியிருக்கிறது. ஓவர்டைம் பாவமில்லை, ஃபுட்பாலும் பாவமில்லை. ஆனால் அதைச் சுமந்துகொண்டு என்னால் ஓட முடியவில்லை. ஆப்பை அழித்தேன், குழுக்களிலிருந்து வெளியே வந்தேன், இனி ஞாயிறு ஸ்டாண்ட்பை வேண்டாம் என்று மேனேஜரிடம் சொன்னேன். அவர் காரணம்கூடக் கேட்காமல் சரி என்றார். அடுத்த மாத ரோஸ்டரில், அதாவது வேலை முறைப் பட்டியலில், என் ஞாயிறுகள் எல்லாம் தம்பி பெயரில் இருந்தன.

நான் அவனுக்குக் கொடுக்கவில்லை, ரோஸ்டர் போடுவது என் வேலை இல்லை. இதை எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவன் மலேசியாவின் ஜோகூர்க்காரன். தினமும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கடற்பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வருகிறவன். ஸ்டாண்ட்பை என்றால் அந்தப் பக்கம் இருக்க முடியாது. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் சனி இரவே இந்தப் பக்கம் ஈசூனில் கூட்டாளி வீட்டில் தங்கிவிடுகிறான். வீட்டில் வயதான அம்மாவும் சின்னப் பிள்ளையும். எங்களுக்குள் இதற்கு முன்பு கொடுக்கல் வாங்கல் நன்றாகவே நடந்தது. தைப்பூசத்துக்கு ஜோகூரில் விடுமுறை, இங்கே இல்லை. 1968இல் விடுமுறைகளைக் குறைத்தபோது தைப்பூசமும் ஈஸ்டர் திங்களும் சேர்ந்தே போயின. தைப்பூசத்தன்று அவன் வேலையை நான் பார்ப்பேன், புனித வெள்ளி ஸ்டாண்ட்பையை அவன் எடுத்துக்கொள்வான். கணக்குச் சரியாக இருந்தது. ஆனால் தைப்பூசம் வருடத்துக்கு ஒன்று, ஞாயிறு வாரத்துக்கு ஒன்று.

பாஸ்டரிடம் சொன்னேன். "நீங்க சரியானதைத்தான் செஞ்சிருக்கீங்க, அவருக்காக ஜெபிங்க" என்றார். ஜெபிக்கிறேன். ஆனாலும் உபாகமத்தில் ஓய்வுநாளைப் பற்றிச் சொல்லும் இடத்தை வாசித்தால் சமாதானம் போய்விடுகிறது. அங்கே நீ ஓய்ந்திரு என்பதோடு நிற்கவில்லை. உன் வேலைக்காரன், உன் எருது, உன் வாசல்களுக்குள் இருக்கிற அந்நியன் எல்லாரையும் சேர்த்தே சொல்லியிருக்கிறது. இன்னொருவன் ஓய்வை எடுத்து நான் ஓய்ந்தால் அதற்கு என்ன பெயர்? ஓய்வுநாளில் துரவில் விழுந்த எருதைத் தூக்கமாட்டீர்களா என்று இயேசு கேட்டதும் என் வேலைக்கு ரொம்பவே பொருந்துகிறது. ஞாயிறு காலை பத்தாவது மாடிக்கும் பதினொன்றுக்கும் நடுவில் நிற்கும் பெட்டிக்குள் ஒரு பாட்டி இருந்தால் யாராவது போய்த்தான் ஆக வேண்டும்.

அதே சமயம், இந்தச் சில மாதங்களில் பிரசங்கம் முழுவதையும் கேட்டிருக்கிறேன். திருவிருந்துக்கு முன்னே போய் முழங்கால் போட்டு, அவசரமில்லாமல் எழுந்து வந்திருக்கிறேன். இரவு படுக்குமுன் வேதம் வாசிக்கையில் மனசு ஓடுவதில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் திரும்பி வருகிறது. இதை விட்டுவிடச் சொன்னால் என்னால் முடியாது. தன் பாதத்தருகே உட்கார்ந்து வசனம் கேட்ட மரியாள் நல்ல பங்கைத் தெரிந்துகொண்டாள், அது அவளைவிட்டு எடுபடுவதில்லை என்றார் இயேசு. அதை முழுதாக நம்புகிறேன். அவள் சகோதரி மார்த்தாள் பணிவிடையில் தனியாக நின்றதும் உண்மைதானே.

போன வாரம் நானே அவனிடம் ஆரம்பித்தேன். ஞாயிறுகளைச் சுழற்சியில் போடச் சொல்லிக் கேட்கட்டுமா என்றேன். அவன் முகம் மாறிவிட்டது. "எடுத்துடாதீங்க அண்ணே. அந்தக் காசை நம்பித்தான் வீட்டுக்குக் கடன் வாங்கிட்டேன்" என்றான்.

நான் வந்த பாதை அது, ஒவ்வொரு திருப்பமும் எனக்குத் தெரியும். அம்மாவையும் பிள்ளையையும் ஞாயிறுதோறும் விட்டுவிட்டு இரண்டு நாள் சம்பளத்துக்குப் பழகிவிட்டால் அப்புறம் கழற்றுவது லேசில்லை என்று சொல்லலாம். ஆனால் அதே சம்பளத்தில் கடன் அடைத்த வீட்டில் இருந்துகொண்டு அவனிடம் அதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அவன் என் விசுவாசத்தைச் சேர்ந்தவனும் இல்லை, பாரத்தைத் தள்ளிவிட்டு ஓடு என்று வசனம் சொல்ல.

மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து மதியத்துக்கு மேல் போன் என்னிடம் இருக்கட்டும் என்று மேனேஜருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவனிடம் இன்னும் சொல்லவில்லை.