சிசிலியா போ: கூலிக்கு வரைந்த வருஷங்களும் வகுப்பறையும்

அமெரிக்க ஓவியர் சிசிலியா போ பிற்காலத்தில் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் மனைவியையும் மகளையும் வெள்ளை மாளிகையில் உட்காரவைத்து வரைந்தவர், 1900 பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கியவர். எல்லாம் சரி. ஆனால் இளம் வயதில் அவருக்குச் சோறு போட்ட வேலை என்ன தெரியுமா? புதைபடிவங்களைப் பார்த்துக் கல்லச்சுக்கு, அதாவது கல்லில் படம் தீட்டி அச்சடிக்கும் முறைக்கு, வரைந்து கொடுப்பது. எட்வர்ட் காப் என்ற தொல்லுயிர் ஆய்வாளருக்காக, அரசாங்க நிலவியல் அறிக்கையில் அச்சாவதற்காக. எலும்பில் எங்கே விரிசல், எங்கே மேடு, நிழல் எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது, எல்லாம் உள்ளபடி வர வேண்டும், அழகாக இருக்கட்டுமே என்று ஒரு கோடு கூடச் சேர்க்க முடியாது. அப்புறம் பீங்கான் தட்டுகளில் குழந்தைகளின் முகங்களை வரைந்தார். அந்தத் தட்டு வேலையைப் பற்றித் தன் சுயசரிதையில் வெட்கத்தோடுதான் எழுதுகிறார், வணிக ஓவியத்தில் தான் இறங்கிய கடைசிப் படி அதுதான் என்கிற தொனியில். இதில் அவரோடு எனக்கு உடன்பாடே இல்லை.

1855-ல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தார். பிறந்த பன்னிரண்டு நாளில் அம்மா இறந்துபோனார். பிரான்ஸிலிருந்து வந்து பட்டுத் தொழில் செய்த அப்பா துக்கம் தாங்காமல் ஊருக்கே திரும்பிவிட, பாட்டியும் சித்திகளும்தான் வளர்த்தார்கள். வசதியான குடும்பம் இல்லை. சம்பாதித்தாக வேண்டும் என்ற நிலையில் ஒரு பெண் கைக்கு வந்த வேலையை எடுத்துச் செய்ததில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

அவர் பேர் சொன்ன முதல் பெரிய படம், அக்கா எட்டா தன் சின்ன மகனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. குழந்தைப் பருவத்தின் கடைசி நாட்கள் என்று பிரெஞ்சில் பெயர் வைத்தார். 1885-ல் அதற்குப் பரிசு கிடைத்தது. பிறகு ஒரு தோழி அதைப் பாரிஸுக்கு எடுத்துப்போக, அங்கே நடக்கும் பெரிய ஓவியக் கண்காட்சியான சலோனில் 1887-ல் இடம்பிடித்தது. வரைந்தவர் அதுவரை பிரான்ஸ் மண்ணை மிதித்ததே இல்லை! மறு வருஷம்தான் பாரிஸ் போய் ஜூலியன் அகாடமியில் சேர்ந்தார். பிரான்ஸ் அரசின் நுண்கலைப் பள்ளி 1897 வரை பெண்களைச் சேர்க்கவே இல்லை, அதனால் தனியார் பள்ளிகள்தான் கதி.

1895-ல், நாற்பது வயதில், பென்சில்வேனியா நுண்கலை அகாடமி அவரை ஆசிரியராக நியமித்தது. அங்கே நிரந்தரமாகப் பாடம் நடத்திய முதல் பெண் அவர்தான். தலையும் முகமும் வரைவது அவர் பாடம். இதன் கனம் புரிய வேண்டுமென்றால் ஒன்பது வருஷம் பின்னால் போக வேண்டும்: மாணவிகள் இருந்த வகுப்பில் ஓர் ஆண் மாடலின் இடுப்புத் துணியை எடுத்துவிட்டார் என்பதற்காக அங்கே பாடம் நடத்திய பெரிய ஓவியர் தாமஸ் ஈகின்ஸையே வெளியேற வைத்த பள்ளி அது. பெண்கள் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்று அவ்வளவு சண்டை நடந்த இடத்தில், ஒரு பெண் முன்னால் நின்று இப்படிப் பார் என்று சொல்லித் தருகிறார். ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை, 1915 வரை. நியூயார்க் போன பிறகும் அந்த வகுப்பை விடவில்லை. பதக்கங்களைவிட இந்த இருபது வருஷம்தான் பெரிய விஷயம் என்பேன்.

அந்தப் பார்வை எங்கிருந்து வந்தது என்பதற்கு, அவர் வேலைக்குச் சேர்ந்த அதே வருஷம் வரைந்த 'நியூ இங்கிலாந்துப் பெண்' படத்தைப் பார்த்தால் போதும். வெள்ளை உடை, பின்னால் வெள்ளைத் திரை, சுற்றிலும் வெள்ளை. ஆனால் ஒரு வெள்ளை மாதிரி இன்னொன்று இல்லை, ஒன்றில் ஊதா ஓடுகிறது, ஒன்றில் மஞ்சள், ஒன்றில் பச்சை. வெளிறிய எலும்பின் மேல் நிழல் எப்படி நகர்கிறது என்று மணிக்கணக்கில் உற்றுப் பார்த்த கண்ணுக்குத்தான் இது வசப்படும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தட்டில் குழந்தை முகம் வரைந்ததும் அப்படித்தான், உருவப்பட ஓவியருக்கு அதைவிட நல்ல பயிற்சி எது?

1899-ல் ஓவியர் வில்லியம் சேஸ், இதுவரை வாழ்ந்த பெண் ஓவியர்களிலேயே சிறந்தவர் இவர்தான் என்று மேடையில் புகழ்ந்தார். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் போவுக்கு அந்தத் தனி வரிசையே பிடிக்கவில்லை. 'கலையில் ஆண்கள்' என்று தலைப்பு வைத்தால் எவ்வளவு விநோதமாக இருக்குமோ, 'கலையில் பெண்கள்' என்பதும் ஒரு நாள் அவ்வளவு விநோதமாக ஒலிக்க வேண்டும் என்ற பொருளில் 1915-ல் பேசினார். தான் பாடம் நடத்திய காலம் முழுக்க அதை நடத்தையில் காட்டிய பிறகு பேசினார் என்பதால் எனக்கு அந்த வார்த்தைமேல் கூடுதல் மரியாதை.

1924-ல் பாரிஸில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து வரைவது குறைந்துபோனது. சுயசரிதை 1930-ல் வந்தது, 1942-ல் இறந்தார். அவர் படங்களை இதுவரை பார்க்காதவர்கள் 'சீதா அண்ட் சரிதா'வில் ஆரம்பியுங்கள், மூலம் பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெள்ளை உடையில் ஒரு பெண், தோளில் கறுப்புப் பூனை. பூனையை அப்புறம் பார்க்கலாம், முதலில் அந்த உடையின் மடிப்புகளைப் பாருங்கள்.