மாப்பிள்ளையை விசாரிப்பது எப்படி?

திருட்டுப் பழி யார்மேல் வேண்டுமானாலும் விழலாம், செட்டிநாட்டு வீட்டில் மாப்பிள்ளைமேல் மட்டும் விழக்கூடாது. விசாரிக்கவே முடியாது. "காப்பி சாப்டீகளா மாப்பிள்ளை? ராத்திரி நல்லாத் தூங்கினீகளா? நடுவுல எந்திரிச்சீகளா? இல்ல, சும்மாதான் கேட்டேன்." இதற்குமேல் போலீஸ் வேலை நகராது.

எங்கள் ஆச்சி, அதாவது அக்காவின் வீட்டுக்காரரான அயித்தான்மேல் பழி விழுந்ததற்குக் காரணம் இந்தி நடிகர் தேவ் ஆனந்த்.

படைப்புக்காக (முன்னோருக்குப் படையல் போட்டுக் கும்பிடுவது) எல்லோரும் கானாடுகாத்தான் வீட்டில் கூடியிருந்தோம். முதல் நாள் ராத்திரி வளவில் பாய் விரித்து, ரெண்டு தூணுக்கு நடுவே வேட்டியைக் கட்டி, தம்பி கொண்டுவந்த புரொஜக்டரில் 'ஜுவல் தீஃப்' போட்டோம். விஜய் ஆனந்த் எடுத்த 1967 படம். இந்தி தெரிந்தவர் பம்பாயில் வேலை பார்த்த பெரியப்பச்சி ஒருவர்தான். கதாநாயகி மூச்சுவிடாமல் பேசி முடித்தால், "கோவமா இருக்கா" என்பார். அவ்வளவுதான் மொழிபெயர்ப்பு.

அப்பத்தாவுக்கு அதுவும் தேவைப்படவில்லை. வைஜயந்திமாலா வந்ததும், "இது நம்ம மெய்யப்பச் செட்டியார் படத்துல வந்த புள்ளையில்ல?" என்றார். சரிதான், 1949-இல் ஏவி.எம்.மின் 'வாழ்க்கை'தான் வைஜயந்திமாலாவுக்கு முதல் படம். அதிலிருந்து பேச்சு, ஸ்டுடியோ காரைக்குடியில் இருந்த காலத்துக்கும் 'நாம் இருவர்' எடுத்த கதைக்கும் போய்விட்டது. படத்தில் நடந்த கொள்ளையை யாரும் கவனிக்கவே இல்லை.

கதை இதுதான்: வினய் (நம்ம தேவ் ஆனந்த்) போலீஸ் கமிஷனர் மகன். ஆனால் பார்க்கிறவர்களெல்லாம் அவனை அமர் என்கிற நகைத் திருடன் என்கிறார்கள். ஒரு விருந்தில், "அமருக்குக் கால்ல ஆறு விரல், பூட்ஸைக் கழட்டு" என்று பிடித்துக்கொள்கிறார்கள். கழற்றினால் அஞ்சுதான்.

விடிந்தது. அப்பத்தாவின் ஏழுகல் வைரத்தோட்டைக் காணோம். "பெட்டகத்துலதான் வச்சேன்" என்று அழுகை. அப்போது சின்னாத்தா மெதுவாக, நடுராத்திரியில் அயித்தான் இரண்டாங்கட்டிலிருந்து பூனை மாதிரி வந்ததையும், மடியில் எதையோ மறைத்திருந்ததையும் சொன்னார்.

மேலே சொன்ன காப்பி விசாரணை நடந்தது. "பாத்ரூம் போனேன்" என்றார் அயித்தான். பாத்ரூம் அந்தப் பக்கமே இல்லை. வியர்த்துக்கொட்ட, ஓரக்கண்ணால் எங்கள் ஆச்சியை வேறு பார்த்தார். பொண்டாட்டியைப் பார்த்து இவ்வளவு பயப்படுகிறவர் கட்டாயம் எதையோ எடுத்திருக்கிறார் என்று எனக்கே தோன்றிவிட்டது. அதற்குள் ஒரு வாண்டு அவர் காலடியில் உட்கார்ந்து சத்தமாக எண்ணி, "அஞ்சுதான்! இவுக இல்ல!" என்று தீர்ப்புச் சொன்னது.

பெரியப்பச்சி தொண்டையைச் செருமினார். "அந்தப் படத்துல பூட்ஸைக் கழட்டச் சொன்னாரே அசோக் குமார், அவருதான் திருடன். யாரும் சந்தேகப்படாத ஆளு." (சஸ்பென்ஸை உடைத்ததாக யாரும் சண்டைக்கு வராதீர்கள், படம் வந்து அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது.) "நம்ம வீட்டுல யாரும் சந்தேகப்படாத ஆளு யாரு?"

எல்லாத் தலையும் அப்பத்தா பக்கம் திரும்பியது.

"என் தோட்டை நானே திருடுவனாக்கும்!" என்று சீறியவர் பாதியில் நிறுத்தினார். "படம் பார்த்துப் பயமா இருந்துச்சா... கழட்டித் துணியில முடிஞ்சு... மணகோலத் தூக்குல போட்டேனோ? திருடன் பெட்டகத்தைத்தானே உடைப்பான், மணகோலத்தையா திம்பான்?"

அயித்தான் முகத்தில் ஈயாடவில்லை.

மணகோலம் எங்கள் ஊர்ப் பலகாரம்: தேன்குழலை நொறுக்கி, பொட்டுக்கடலை சேர்த்து வெல்லப்பாகில் பிரட்டியது. அந்தத் தூக்கைத் திறந்தால் பாதி காலி. முடிச்சு இல்லை. அயித்தான் பேசாமல் எழுந்துபோய், பெட்டியின் அடியிலிருந்து ஒரு பாலித்தீன் பையை எடுத்து வந்தார். இருட்டில் அள்ளிப் போட்டதாம். கொட்டிப் பார்த்தால் தேன்குழல் நொறுங்கலுக்கு நடுவே துணி முடிச்சு, வெல்லப்பாகு ஒட்டிக்கொண்டு. அவிழ்த்தால் வைரத்துக்கும் வைரத்துக்கும் நடுவில் ஒரு பொட்டுக்கடலை.

ஆக, திருடாதவரிடம்தான் நகை இருந்தது. அவருக்குச் சர்க்கரை வியாதி. இனிப்பு தின்றது வீட்டுக்காரிக்குத் தெரிவதைவிடத் திருடன் பட்டம் மேல் என்று அவ்வளவு நேரம் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்.

அது சரியான கணக்குத்தான். ஆச்சி தோட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே உள்ளே போய்ச் சர்க்கரை பார்க்கும் மெஷினோடு வந்தார். "விரலை நீட்டுங்க" என்றார்.

வாண்டு மறுபடி எண்ண ஆரம்பித்தது. அப்பத்தா தோட்டை வெந்நீரில் போட்டுக்கொண்டே, "இன்னிக்கு ராத்திரிக்குச் சாமி படமாப் போடுங்கப்பா" என்றார்.