படிக்கும் முன்பே அழுத்திவிடும் விரல்

திருப்பூரில் நான் கணினிகளைப் பராமரித்துக் கொடுக்கும் பனியன் கம்பெனி ஒன்றில், கணக்குப் பார்க்கும் அக்கா காலை ஒன்பதரை மணிக்கு வந்து அமர்ந்ததும் கணக்கு மென்பொருளைத் திறப்பார். உடனே திரை மங்கும். இந்த மென்பொருள் உங்கள் கணினியில் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா என்று கேட்கும் பெட்டி நடுவில் எழும். அது முழுமையாகத் தோன்றுவதற்குள் அவருடைய இடது கட்டைவிரல் ‘ஆல்ட்’ விசையிலும் வலது சுட்டுவிரல் ‘ஒய்’ விசையிலும் விழுந்திருக்கும், பெட்டியும் போயிருக்கும். அருகில் நின்று இதைப் பல நாட்கள் பார்த்த பிறகு, அந்தப் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாள் கேட்டேன். ஆறு ஆண்டுகளாக நாள் தவறாமல் அதைக் கண்டவரால் ஒரு சொல்லைக்கூட நினைவுபடுத்திச் சொல்ல முடியவில்லை. மிகக் கவனமானவர் அவர். ஒரு பில்லில் பத்துப் பைசா இடித்தாலும் கண்டுபிடித்துவிடுவார். ஆகவே கவனக் குறைவு என்று அவர் மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை.

கணினி இப்படிக் கேட்பது பாதுகாப்பா, வெறும் தொல்லையா என்பது என் தொழிலில் வாரத்திற்கு ஒரு முறையாவது எழும் கேள்வி. எரிச்சல் தாங்காத முதலாளிகள், “அந்த அனுமதி கேக்கறதை மொத்தமா நிறுத்திக் குடுத்துருங்க தம்பி” என்பார்கள். தொழிலுக்கு வந்த தொடக்க ஆண்டுகளில் நானும் அமைப்புகளுக்குள் போய், எவ்வளவு கேட்க வேண்டும் என்பதை மாற்றும் நகர்த்தியை அடிமட்டத்திற்கு இழுத்துவிட்டு வந்திருக்கிறேன். அது தவறு என்பதில் இன்று எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கேட்டுக்கொண்டே இருக்கும்படி விட்டுவிடுவதும் பாதுகாப்பாகிவிடாது என்பதை அந்த அக்காவின் விரல்களைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

இந்தப் பெட்டி 2007 சனவரியில் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவோடு வந்தது. அதற்கு முன் எக்ஸ்பி காலத்தில் ஏறக்குறைய எல்லா வீட்டுக் கணினிகளும் முழு நிர்வாகி உரிமையோடு இயங்கின. கணினியில் நுழைந்த எந்த நிரலும் நினைத்ததையெல்லாம் செய்ய முடிந்தது. விஸ்டாவில் நிர்வாகியாக நுழைந்தவருக்கும் சாதாரண உரிமையே கையில் இருக்கும். பெரிய உரிமை தேவைப்படும் வேளையில் திரை மங்கி அனுமதி கேட்கும். திரை மங்குவது அழகுக்காக அன்று. அந்தப் பெட்டி தனியான, பாதுகாக்கப்பட்ட மேசைத்திரையில் தோன்றுகிறது. வேறொரு நிரல் பயனருக்குப் பதிலாக ‘ஆம்’ பொத்தானை அழுத்திவிட முடியாது. அழுத்துவது மனிதக் கைதான் என்பதை இவ்வளவு பொறுப்போடு உறுதிசெய்தவர்களுக்கு, மனிதக் கண் அதைப் படிக்கிறதா என்பதை உறுதிசெய்ய வழி கிடைக்கவில்லை.

பயனர்களை எரிச்சலூட்டுவதற்காகவே இதை வைத்தோம் என்று 2008 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஆர்எஸ்ஏ கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் மைக்ரோசாஃப்டின் டேவிட் கிராஸ் வெளிப்படையாகவே சொன்னார். எரிச்சல்பட்ட பயனர்கள் மென்பொருள் செய்தவர்களை நெருக்க வேண்டும், அவர்கள் தேவையில்லாமல் நிர்வாகி உரிமை கேட்கும் வழக்கத்தை விட வேண்டும் என்பதே கணக்கு. அது ஓரளவு பலித்தது: இந்தப் பெட்டியை எழுப்பும் நிரல்கள், பணிகளின் எண்ணிக்கை 7,75,312-இலிருந்து 1,68,149 ஆகக் குறைந்ததாக அந்நிறுவனமே பின்னர் தெரிவித்தது. 2009-இல் வந்த விண்டோஸ் 7 தன் சொந்த அமைப்புகளுக்காக அடிக்கடி கேட்பதையும் குறைத்துக்கொண்டது. இதை நான் பெரிய நன்மையாகவே கருதுகிறேன். ஆனால் அந்த நெருக்கடி நம் ஊர் அலுவலகங்களில் ஓடும் சிறிய மென்பொருள்கள் வரை எட்டவில்லை. அதன் செலவை அக்காவின் விரல்கள் இன்னும் கட்டிக்கொண்டிருந்தன.

அவருடைய கணினியில் தினமும் அந்தப் பெட்டி வந்ததற்குக் காரணம் மிக அற்பமானது. பழைய முறையில் எழுதப்பட்ட அந்த மென்பொருள், தன் கணக்குக் கோப்புகளைப் பயனரின் கோப்புறையில் வைக்காமல், நிரல்கள் நிறுவப்படும் கோப்புறையிலேயே எழுதிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் எழுத நிர்வாகி உரிமை வேண்டும். தரவை வேறொரு வட்டுப் பகுதிக்கு மாற்றி, அந்த ஒரு கோப்புறையில் மட்டும் எழுதும் உரிமையை அவருடைய பயனர் கணக்குக்குக் கொடுத்து, ‘நிர்வாகியாக இயக்கு’ என்ற குறியை எடுத்துவிட்டேன். அரை மணி நேர வேலை. மறுநாள் காலையில் பெட்டி வரவில்லை. ஆல்ட்டும் ஒய்யும் தேடிப் போன விரல்கள் வெறுமனே நின்றன.

ஏழெட்டு வாரங்கள் கழித்து அவரிடமிருந்து அழைப்பு வந்தது. “தம்பி, புதுசா ஒண்ணு கேக்குதுங்க. மஞ்சக் கலர்ல இருக்குது. அழுத்தட்டுங்களா?” நூல் மில் பில் என்ற பெயரில் மின்னஞ்சலில் வந்திருந்த இணைப்பை அவர் திறந்திருந்தார். வெளியீட்டாளர் யாரென்று தெரியவில்லை என்று பெட்டி சொன்னது. பில் என்பது ஆவணமாக இல்லாமல், இயங்கும் நிரலாக இருந்தது. வேண்டாம் என்றேன், அவரும் மறுத்தார். அவர் எந்தப் பயிற்சி வகுப்புக்கும் போகவில்லை. தினமும் வந்துகொண்டிருந்த பெட்டி வராமல் நின்றதால், என்றோ ஒரு நாள் வந்தது அவர் கண்ணில் பட்டது, அவ்வளவுதான். 2015-இல் அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தபோது, ஒரே எச்சரிக்கையை இரண்டாவது முறை காட்டும்போதே அதைக் கவனிக்கும் பகுதிகளின் செயல்பாடு வெகுவாகச் சரிந்ததாகக் கண்டார்கள். ஆறு ஆண்டுகள் தினமும் பார்த்தவரிடம் எதை எதிர்பார்ப்பது?

மக்கள் எதையும் படிக்கமாட்டார்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வதும் நியாயமன்று. 2013-இல் உலாவிகளில் தோன்றிய இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட எச்சரிக்கைகளை ஆராய்ந்த ஆய்வு ஒன்று உண்டு. தீய நிரல், போலித் தளம் பற்றிய எச்சரிக்கைகளை மீறிச் சென்ற அளவு கால் பங்குக்கும் குறைவு. ஆனால் தளம் உண்மையானதுதானா என்பதைக் காட்டும் சான்றிதழ் பற்றிய எச்சரிக்கையைக் குரோமில் ஏறத்தாழ 70 விழுக்காடு மீறியிருந்தார்கள். ஃபயர்ஃபாக்ஸில் 33 விழுக்காடுதான். எச்சரிக்கையை எப்படி அமைத்தார்கள், எவ்வளவு அடிக்கடி காட்டினார்கள் என்பதற்கேற்ப மக்கள் நடந்துகொண்டார்கள் என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன்.

கைப்பேசியில் நிலைமை இன்னும் கடுமையானது. சென்ற ஆண்டு அது எங்கள் வீட்டுக்கே வந்தது. பெருந்துறைப் பக்கம் மஞ்சளும் தென்னையும் வைத்திருக்கும் என் தாய்மாமாவுக்கு, தெரிந்த ஒருவருடைய எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை வந்தது. அது படமும் அன்று, பிடிஎஃப் கோப்பும் அன்று. நிறுவும் செயலிக் கோப்பு. தெரியாத செயலிகளை நிறுவ அனுமதிக்கலாமா என்று போன் கேட்டது. தீங்கு விளைவிக்கலாம் என்று எச்சரித்தது. பிறகு குறுஞ்செய்திகளைப் பார்க்கவும் அனுப்பவும் அனுமதி கேட்டது. மாமா ஒவ்வொன்றுக்கும் ஒப்புக்கொண்டார். வங்கியிலிருந்து வந்த ஓடிபிகள் அவர் பார்ப்பதற்கு முன்பே வேறொருவரிடம் போய்ச் சேர்ந்தன. கணக்கிலிருந்து இரண்டு தடவையாக 48,000 ரூபாய் போயிருந்தது. அன்று மாலையே இணையக் குற்றப் புகாருக்கான 1930 எண்ணில் புகார் பதிந்தோம். பாதிக்கும் குறைவான தொகையே திரும்பியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போய் மோட்டார் ரூம் திண்ணையில் உட்கார்ந்து, என்ன நினைத்து அழுத்தினீர்கள் என்று கேட்டேன். “பத்திரிகை தொறக்கோணும்னா அதையெல்லாம் அமுக்கித்தான் ஆகோணும்னு நெனச்சேன் மாப்ளே” என்றார். அவர் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லவில்லை. பத்திரிகையைப் பார்க்கப் போகும் வழியில் குறுக்கே நின்ற படல்களை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு நடந்திருக்கிறார்.

நான் அவருக்குப் புரிவதற்காக மோட்டார் ஸ்டார்ட்டரைக் காட்டினேன். பக்கத்துத் தோட்டத்தில், மும்முனை மின்சாரத்தில் ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்திவிடும் பிரிவென்டர் அடிக்கடி விழுகிறது என்று சலித்து அதை எடுத்துவிட்டு டைரக்டாகக் கொடுத்து ஓட்டியதும், ஒரு நாள் ஒரு பேஸ் போய் மோட்டார் காயில் கருகியதும் அவருக்குத் தெரியும். எச்சரிக்கைகளைத் தட்டிவிடுவதும் அதைப் போன்றதுதான் மாமா என்றேன். அவர் சற்று நேரம் ஸ்டார்ட்டரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஒரு பேஸ் போச்சுன்னா இது எங்கிட்டக் கேக்கறதில்லையே மாப்ளே, பட்டுனு நின்னுக்குதே. இந்தப் போனு மட்டும் எதுக்கு எங்கிட்டக் கேக்குது?” என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் பதினைந்து ஆண்டுகளாகச் செய்யும் தொழிலைப் பற்றி எவரும் இவ்வளவு சரியாகக் கேட்டதில்லை.

மாமாவால் பதில் சொல்லக்கூடிய கேள்விகள் இருக்கின்றன. வாடகைக் காருக்கு அழைக்கும்போது இருப்பிடத்தைக் காட்டலாமா என்று கேட்டால் அவருக்குத் தெரியும். ஆண்ட்ராய்டு 2015-இல் வந்த 6-ஆம் பதிப்பு முதல், நிறுவும்போதே எல்லா அனுமதிகளையும் மொத்தமாகக் கேட்பதை விட்டுவிட்டு, தேவைப்படும் நேரத்தில் கேட்கத் தொடங்கியது நல்ல மாற்றம். பழைய முறையில் அந்தப் பட்டியலைக் கவனித்தவர்கள் 17 விழுக்காட்டினர்தான் என்று 2012-இல் ஓர் ஆய்வு கண்டிருந்தது. பின்னர் 2019-இல் செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும் இருப்பிடம் என்ற தெரிவும், 2020-இல் இந்த ஒரு முறை மட்டும் என்ற தெரிவும் வந்தன. இவை எங்கள் வீட்டுப் பெரியவர்களும் புரிந்துகொண்டு பயன்படுத்துபவை. ஆனால் குறுஞ்செய்தியைப் பார்க்க அனுமதி என்பதில், உங்கள் வங்கி அனுப்பும் ஓடிபி வேறொருவர் கைக்குப் போகலாம் என்ற பொருள் எங்கே இருக்கிறது? அந்த வரி பொறியின் உள்ளமைப்பைச் சொல்கிறது, விளைவைச் சொல்லவில்லை.

இன்னும் சில கேள்விகளைப் பயனரிடம் கேட்கவே கூடாது. கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலைப் பார்க்க அனுமதி கேட்டன. மாதக் கடைசியில் வீட்டு வாடகைக்கு வழியில்லாமல் நிற்கும் தையல் தொழிலாளி அதை எவ்வளவு நிதானமாகப் படித்தாலும் ‘அனுமதி’ என்றுதான் அழுத்துவார், ஏனெனில் மறுத்தால் பணம் வராது. பிறகு அவருடைய உறவினர்களுக்கெல்லாம் மிரட்டல் அழைப்புகள் போயின. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிமுறைகள், கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் அழைப்பு விவரங்களையும் கோப்புகளையும் அணுகவே கூடாது என்றன. அங்கே அனுமதிப் பெட்டிக்கு இடமே வைக்கப்படவில்லை. மாமா சொன்ன ஸ்டார்ட்டர் போல, கேட்காமல் நிற்கும் ஏற்பாடு அதுதான். விதிக்கு அடங்காத செயலிகள் இன்னும் சுற்றுகின்றன என்றாலும், பொறுப்பைத் தேவையில் நிற்பவரின் விரலிலிருந்து எடுத்து உரியவர் மேல் வைத்த அந்த முடிவை நான் மனதார வரவேற்கிறேன்.

மாமாவின் போனில் வாட்ஸ்அப், உலாவி, கோப்பு மேலாளர் மூன்றுக்கும் செயலி நிறுவும் உரிமையை அணைத்து வைத்திருக்கிறேன். அலுவலகங்களில், அன்றாட வேலைக்குச் சாதாரணப் பயனர் கணக்கும், நிர்வாகிக் கடவுச்சொல் தனியே முதலாளியிடமும் இருக்கும்படி மாற்றி வருகிறேன். பெட்டி வரும்போது யாரிடமாவது எழுந்து போய்க் கேட்டாக வேண்டும். இதையும் தொல்லை என்று சொல்பவர்கள் உண்டு. மாதத்திற்கு ஒரு முறை வரும் அந்தத் தொல்லையை நான் ஏற்றுக்கொள்ளச் சொல்கிறேன். தினமும் வருவதைத்தான் தேடிப்பிடித்து நிறுத்துகிறேன்.

என் பொறுப்பில் உள்ள கம்பெனிகளில் இன்னும் ஓரிடத்தில் மட்டும், சம்பளம் போடும் மென்பொருள் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் நிர்வாகி உரிமை கேட்கிறது. கோப்புறை உரிமையை மாற்றியும் சரியாகவில்லை. நிரலையே திருத்த வேண்டும். அதைச் செய்தவர்களுக்கு, எந்தக் கோப்பில் எழுத முயலும்போது பெட்டி வருகிறது என்பதைப் படத்தோடு மூன்று முறை எழுதியிருக்கிறேன். ‘ஆம்’ என்று அழுத்தினால் போதும் என்று மூன்று முறையும் பதில் வந்தது. நாளைக் காலை நான்காவது கடிதம் அனுப்புகிறேன்.