இரண்டாம் வரிசை நாற்காலி

செயலாளர் கடிதத்தைப் பிரித்தபோது கையெழுத்துதான் முதலில் கண்ணில் பட்டது. வரிகள் சரிந்துபோய்க் காகித ஓரத்தில் முட்டி நின்றன.

எழுதியவர், ஃப்ரீமேசன் என்ற சகோதரத்துவ அமைப்பில் எங்கள் லாட்ஜின், அதாவது கிளையின், மூத்த சகோதரர். இடுப்பு எலும்பு முறிந்து மூன்று மாதமாகப் படுக்கையில் இருக்கிறார்.

வர இயலவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அவர் எழுதியிருந்தது வேறு: "இரண்டாம் வரிசையில் என் நாற்காலியைக் காலியாக விடாதீர்கள். புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பியை அதில் உட்கார வையுங்கள். அங்கிருந்து எல்லாம் நன்றாகத் தெரியும்."

எழும்பூர் மண்டபத்தில் சற்று நேரம் யாரும் பேசவில்லை.

அந்தத் தம்பி எழுந்து போய் உட்கார்ந்தார், இடுப்பில் கட்டிய வெள்ளைத்தோல் ஏப்ரனின் ஓரத்தை இரு கைகளாலும் பிடித்தபடி.

எங்கள் பீடத்தில் கீதையும் குர்ஆனும் பைபிளும் அருகருகே திறந்திருக்கும். உள்ளே மதமும் அரசியலும் விவாதிக்கக் கூடாது. "அப்படியானால் என்னதான் பேசுவீர்கள்?" என்று கேட்பவர்களிடம், 1884இல் விவேகானந்தர் கல்கத்தாவில் சேர்ந்ததையும், 1961இல் இந்திய லாட்ஜ்களுக்கென்று தனித் தலைமை அமைப்பாகப் பெருஞ்சபை அமைந்ததையும் சொல்லிக்கொண்டிருப்பேன். இனி இந்தக் கடிதத்தைச் சொல்வேன்.

இரவு விருந்தில், வர இயலாத சகோதரர்களை நினைத்துக் கோப்பைகளை உயர்த்தினோம். வழக்கமாகச் செய்வதுதான், இன்று எனக்குத் தொண்டை அடைத்தது.

புதிய தம்பி பெரியவரின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. கிளம்பும்போது முகவரியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை இருவரும் போகிறோம்.