அலமாரிக் கீரைக்குக் காற்று: இதுவரை செய்தது

பழைய வண்ணாரப்பேட்டையில் நாங்கள் இருக்கிற வீட்டில் மொட்டை மாடி எல்லாக் குடித்தனத்துக்கும் பொது. துணி காயப்போடவே கொடிக்கயிறு போதாது, தொட்டி வைக்க எங்கே இடம்? அதனால் கீரை வீட்டுக்குள்ளே வளர்கிறது. 2 அடி அகலம், 2 அடி ஆழம், 3 அடி உயரத்தில் ஒரு பிளைவுட் பெட்டி. மேலே 20 வாட் எல்.இ.டி. ட்யூப் இரண்டு. கதவுக்குப் பதில் பழைய ஃப்ளெக்ஸ் பேனர், வெள்ளைப் பக்கம் உள்ளே பார்த்தபடி. வெந்தயக்கீரை, தண்டுக்கீரை, கொஞ்சம் மிளகாய் நாற்று. வெளிச்சம், மண் எல்லாம் இன்னொரு நாள். இங்கே காற்று மட்டும்.

நம்ம ஊரில் ஈரப்பதத்துக்குக் குறைவே இல்லை. பெட்டியை மூடி வைத்தால் பேனரின் உட்பக்கம் முத்து முத்தாக வேர்க்கும். அந்த ஈரத்தில் நாற்று மண்ணை ஒட்டிய இடத்தில் மெலிந்து, காலையில் பார்த்தால் சாய்ந்து கிடக்கும். இதுதான் நாற்றழுகல். மருந்தைத் தேடுவதற்கு முன்னால் காற்றை ஓடவிட வேண்டும்.

அடுத்தது சூடு. இரண்டு ட்யூப் சேர்ந்து 40 வாட். அதில் பெரும்பகுதி கடைசியில் சூடாகத்தான் முடிகிறது. பெட்டியின் கொள்ளளவு 12 கன அடி. நிமிடத்துக்கு ஒரு முறை காற்று முழுதாக மாறினால் உள்ளே அறையைவிட ஏறக்குறைய 6 டிகிரி கூடும். மூன்று முறை மாறினால் 2 டிகிரிதான். ஆனால் எவ்வளவு ஃபேன் போட்டாலும் அறையைவிடக் குளிராகாது. அறையே கொதிக்கிற சித்திரை, வைகாசியில் விளக்கைப் பகலில் எரிய விடாமல், டைமர் போட்டு மாலை 6 மணியிலிருந்து காலை 8 வரை எரிய விடுகிறேன். செலவே இல்லாத வைத்தியம் இது.

ஃபேனுக்குக் காயலான் கடைக்குத்தான் போனேன். பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய 120 மில்லிமீட்டர் ஃபேன், 12 வோல்ட், 0.20 ஆம்ப். “ஓடுமா பாய்?” என்றேன். “ஓட்டிக் காட்டுறேன்பா” என்று ஒரு 9 வோல்ட் பேட்டரியில் சிவப்பு, கறுப்பு ஒயர்களை வைத்தார். கரகரவென்று சத்தம் போட்ட இரண்டை ஒதுக்கிவிட்டு, அடங்கி ஓடியதை 60 ரூபாய்க்கு எடுத்தேன். மூன்றாவதாக வரும் மஞ்சள் ஒயர் வேகம் பார்ப்பதற்கு மட்டும். டேப் சுற்றி விட்டுவிடலாம். மின்சாரத்துக்கு வீட்டில் சும்மா கிடந்த ரவுட்டரின் 12 வோல்ட் அடாப்டர். நாள் முழுக்க ஓடினாலும் மாதத்துக்கு இரண்டு யூனிட்கூட ஆகாது.

ஃபேன் மேலே, காற்றை வெளியே தள்ளும்படி. உள்ளே வரும் வழி கீழே. இந்தக் கீழ்வழிக்குத்தான் நான் அதிக மதிப்பு கொடுப்பேன். 4 அங்குலத் துளை ஒன்று மட்டும் போட்டு ஃபேனை ஓடவிட்டபோது பேனர் உள்பக்கம் குழிந்து நின்றது. காற்றுக்குத் திணறுகிறது என்று அர்த்தம். பக்கத்தில் இன்னொரு 4 அங்குலத் துளை போட்டதும் பேனர் நேராகத் தொங்கியது. பிறகு ஊதுபத்தியைக் கொளுத்தித் துளைக்கு முன்னால் பிடித்தேன். புகை ஒரே இழையாக உள்ளே போய், பின்சுவரோடு ஏறி, ஃபேனில் மறைந்தது. முன்பக்க மூலையில் மட்டும் சுருண்டு தேங்கியது. அந்த மூலையில் 80 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றை இலை லேசாக ஆடுகிற அளவுக்கு வைத்தேன். காற்றில் ஆடுகிற நாற்றுக்குத் தண்டு நன்றாகத் தடிக்கிறது.

வெளியே வந்த காற்று எங்கே போகிறது என்பதுதான் வட சென்னையில் பெரிய விஷயம். எங்கள் ஜன்னல் கிழக்குப் பக்கம், கடலைப் பார்த்தது. வெயில் காலத்தில் மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று எழுந்துவிட்டால், இந்தச் சின்ன ஃபேனால் அதை எதிர்த்துத் தள்ள முடியாது. இறக்கை சுற்றும், காற்று நகராது. அதனால் பெட்டியை எதிர்ச்சுவருக்கு மாற்றினேன். கடல் காற்று ஜன்னல் வழியே வந்து பெட்டிக்குள் நுழைந்து, மேற்கே முற்றத்துப் பக்க வென்டிலேட்டர் வழியாக வெளியேறுகிறது. சாயங்காலத்தில் ஃபேனை நிறுத்தினால்கூட ஊதுபத்திப் புகை அதே பாதையில் போகிறது! பெட்டியிலிருந்து வென்டிலேட்டருக்கு ஒரு முழம் பி.வி.சி. பைப்தான். இந்த வகை ஃபேன் நீளமான குழாயையும் வளைவையும் தாங்காது.

கிழக்கிலிருந்து காற்றை எடுத்தால் தூசியும் கூடவே வரும். துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிய நாளில் ஜன்னல் கம்பியைத் தொட்டால் விரல் கறுக்கும் என்று அம்மா சொல்வார். நீதிமன்ற உத்தரவால் 2011-இல் அது நின்றது. இன்றைக்குக் கன்டெய்னர் லாரித் தூசி. கீழ்த் துளைகளில் இரண்டு மடிப்புக் கொசுவலை கட்டியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கழற்றி அலசினால் தண்ணீர் சாம்பல் நிறத்தில் ஓடுகிறது. அலசாமல் விட்டால் பேனர் மறுபடி குழிய ஆரம்பிக்கும், அதுவே எனக்கு அடையாளம்.

இப்போது பேனரில் வேர்ப்பதில்லை. வெந்தயக்கீரை அறுத்து ஒருமுறை சாம்பாரும் வைத்தாயிற்று, அம்மாவுக்குத் திருப்தி. மழைக்காலத்துக்குக் கணக்கு வேறு. அடைமழையில் வெளிக்காற்றே நனைந்திருக்கும். அதை வேகமாக இழுத்து ஈரம் குறையாது. ஃபேனை மெதுவாக்கி, விளக்கின் சூட்டில் உள்ளே இரண்டு மூன்று டிகிரி ஏறவிட்டால்தான் ஈரப்பதம் இறங்கும். அதற்கு ஒரு 9 வோல்ட் அடாப்டர் எடுத்து வைத்திருக்கிறேன். காற்றும் அப்போது வடகிழக்கிலிருந்து வரும் என்பதால், ஐப்பசி பிறந்ததும் ஊதுபத்தியை மறுபடி கொளுத்திப் பார்த்துவிட்டு மிளகாய் நாற்றைத் தொட்டிக்கு மாற்றுவேன்.