பதினோரு எழுத்தில் அடங்காத பெயர்கள்

2019 ஜூலையில் மொரீஷியஸில் இருந்தேன். அங்கே எபென் என்ற ஊரில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை. இந்தியப் பெருங்கடல் தீவு விளையாட்டுகளில் தடகள முடிவுகளைப் பதிய ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். சரி என்று பாம்பூ ஊர் மைதானத்துக்குப் போனேன். அங்கே ஜூலை குளிர்காலம். கோர் து கார்து மலையும் வெயிலும் ஒரு பக்கம், ஓயாத காற்று மறுபக்கம்.

1979-ல் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் தொடங்கிய போட்டி இது. அந்த வருடம் பத்தாவது முறை. முதலில் கொமொரோஸ் நடத்துவதாக இருந்தது, பிறகு மொரீஷியஸ் ஏற்றுக்கொண்டது. மொத்தம் ஏழு தீவு அணிகள். ஒன்றுக்கொன்று பழைய மனத்தாங்கல்களும் உண்டு. மயோட் தீவு பிரான்ஸிடம் இருக்கிறது, கொமொரோஸோ அது தன்னுடையது என்கிறது. 2015-ல் மயோட் அணி பிரெஞ்சுக் கொடியோடு வந்ததை ஏற்காமல் கொமொரோஸ் அணி விலகிவிட்டது. அதனால் பெயர், கொடி, நாடு என எதிலும் பிழை வரக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

பக்கத்து மேசையில் போட்டோ ஃபினிஷ், அதாவது எல்லைக்கோட்டைத் தாண்டுவதைப் படமெடுத்து யார் முந்தினார் என்று பார்க்கும் வேலை. அந்தப் படத்தில் ஓடுபவர்களின் கால்கள் ரப்பர் போல இழுபட்டுத் தெரியும். நடுவர் கோட்டை நகர்த்தி மார்பில் வைப்பார். தலையும் கையும் கணக்கில் இல்லை. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை நேரம் கிடைக்கும், அதை நூறில் ஒரு பங்காக மேல்நோக்கி முழுமையாக்குவார்கள். அந்த மேசையில் தவறே நடக்கவில்லை. தவறு என் மேசையில்தான் நடந்தது.

எங்கள் மென்பொருளில் குடும்பப் பெயருக்குப் பதினோரு எழுத்துதான் இடம். மடகாஸ்கர் பெயர்களோ நீளமானவை. ஒரு பெண்கள் ஓட்டத்தில் இரண்டு பேர் பெயரும் 'ரகோட்டோ'வில் தொடங்கி, அதன் பிறகும் கொஞ்ச தூரம் ஒன்றாகவே போயின. வெட்டியதும் பலகையில் ஒரே பெயர் இரண்டு முறை மின்னியது. பயிற்சியாளர் ஒருவர் பெயர்ப் பட்டியலோடு நேராக வந்தார். கோபமில்லை. பேனாவால் கோடிட்டு, எது யாருடையது என்று காட்டினார். 'ரா' என்பது எங்கள் மொழியில் மரியாதைக்கான முன்னொட்டு என்றார். அதோடு, ஓ என்று எழுதுவதை உ என்று படிக்க வேண்டுமாம்: ரகுட்டு. நான் செய்தது, ஒருவர் பெயரில் 'திரு'வை வைத்துக்கொண்டு பெயரை வெட்டிய மாதிரி. ரொம்ப வெட்கமாக இருந்தது.

அன்று இரவு, கூட வேலை பார்த்த மொரீஷியஸ் அக்காவோடு உட்கார்ந்து எல்லாப் பெயரையும் திரும்பப் பார்த்தேன். மாலத்தீவுக்காரர்களுக்கு வேறு சிக்கல். முகமது, அகமது, இப்ராஹிம் என்று அதே சில பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும், முதலெழுத்தை மட்டும் போட்டால் ஆள் குழம்பிவிடும். இரு பெயரையும் முழுசாகப் போட்டோம்.

அப்புறம் ரீயூனியன் பட்டியலில் ஒரு பெயரில் விரல் நின்றது. பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் 'முத்துசாமி'. மொரீஷியஸ் பட்டியலிலும் முத்துசாமி உண்டு, ஆனால் ஆங்கிலக் கூட்டலில், இரண்டு ஓ போட்டு. கப்பலில் வந்த கரும்புத் தோட்டத் தொழிலாளிகளை ஒரு தீவில் ஆங்கிலேயக் குமாஸ்தா எழுதினார், இன்னொன்றில் பிரெஞ்சுக் குமாஸ்தா. காதில் விழுந்தபடி எழுதினார்கள், அதுவே குடும்பப் பெயராகிவிட்டது. மேசையில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். சத்தமாகச் சொல்லிக் காட்டியதும் அக்கா இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பாட்டி பெயரும் அப்படி மாறிய பெயர்தானாம்.

நீளமான பெயர்களை இரண்டு வரியாக உடைத்தோம். அறிவிப்பாளருக்கு உச்சரிப்பு எழுதிக் கொடுத்தோம். முடிக்கும்போது மணி ஒன்று. அக்கா கடைசித் தாளைப் பார்த்து "கொரெக்" என்றார். அவர்கள் கிரியோல் மொழியில் 'சரி' என்று அர்த்தம்.

மறுநாள் இறுதி ஓட்டத்துக்கு முன் அந்தப் பயிற்சியாளர் பலகைக்குக் கீழே நின்று, தன் பிள்ளைகளின் முழுப் பெயரையும் போட்டோ எடுத்துக்கொண்டார். அறிவிப்பாளர் 'ரகுட்டு' என்று சரியாகத் தொடங்கியதும் எங்கள் பக்கம் திரும்பிக் கை உயர்த்தினார். அந்தப் பெண் நான்காவதாக வந்தாள்.