மலைக்கோட்டையில் மூச்சு வாங்கிய இடம்

நேத்து சாயங்காலம் அத்தை பையனோட திருச்சி மலைக்கோட்டை ஏறினேன். பாதியிலேயே எனக்கு மூச்சு வாங்கிடுச்சு. அவன் அதுக்குள்ள உச்சிப்பிள்ளையார்கிட்ட போய் நிக்கிறான்!

83 மீட்டர் உயரப் பாறை. இமயமலையை விடப் பல மடங்கு வயசானது.

நான் உட்கார்ந்தது மகேந்திரவர்ம பல்லவன் 7ஆம் நூற்றாண்டில் குடைஞ்ச குகைக்கிட்ட. உள்ளே கங்கையைச் சடையில் தாங்கும் சிவன். பக்கத்தில் சமஸ்கிருதக் கல்வெட்டு. ஆறுன்னா ஆசைப்படுற சிவன் காவிரியையும் விரும்பிடுவாரோன்னு பயந்து, காவிரி பல்லவனின் காதலின்னு பார்வதி சொல்றதா அதில் இருக்காம். ராஜாவுக்குக் குறும்பு ஜாஸ்திதான் (கொஞ்சம் தற்பெருமையும்).

மேலே போனதும் முதல்ல காவிரியைத்தான் தேடினேன். அந்தப் பக்கம் ஸ்ரீரங்கம் கோபுரம், கீழே சின்னக்கடை வீதி ஹார்ன் சத்தம். பையன் பொரி கேட்டான்.